பாக்தாத் கொள்ளையும் காகிதச் சிற்பங்களும்: திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

ஈராக் தேசிய அருங்காட்சியகம் 2003-இல் கொள்ளை போனதைப் பற்றியும், அங்கே காணாமற்போன பொருள்களைக் காகிதத்தில் மறுபடி செய்துவரும் மைக்கேல் ரகோவிட்ஸ் என்ற கலைஞரைப் பற்றியும் கல்லூரி மாணவர்களிடமும் வாசகர் வட்டங்களிலும் படங்களைக் காட்டிப் பேசி வருகிறேன். ஊர் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தந்திருக்கிறேன். பதில்களில் பாதி, பேச்சு முடிந்து வீடு திரும்பும் வழியில் 'இப்படிச் சொல்லியிருக்கலாமே' என்று தோன்றியவை.

எந்தப் போர், என்ன கொள்ளை? கொஞ்சம் முதலிலிருந்து சொல்லுங்கள்.

அமெரிக்கா தலைமையிலான படைகள் 2003 மார்ச்சில் ஈராக்குக்குள் நுழைந்தன. ஏப்ரல் 9 அன்று பாக்தாத் விழுந்தது. அதற்கு மறுநாள் தொடங்கி 12-ஆம் தேதி வரை தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. 12-ஆம் தேதி ஊழியர்கள் திரும்பி வந்து கொள்ளையரை விரட்டினார்கள். அமெரிக்க டாங்கிகள் காவலுக்கு வந்து சேர்ந்தது 16-ஆம் தேதிதான். போருக்கு முன்பே தொல்லியலாளர்கள் இந்த அருங்காட்சியகத்தைப் பற்றி அமெரிக்க ராணுவத்தை எச்சரித்திருந்தார்கள். அப்படியிருந்தும், எண்ணெய் அமைச்சகத்துக்கு உடனே கிடைத்த பாதுகாப்பு இதற்குக் கிடைக்கவில்லை. ஈராக்கியர்கள் இன்றும் இதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

அங்கே இருந்தவை சாதாரணப் பொருள்கள் அல்ல. எழுத்தும் நகரமும் சக்கரமும் தொடக்க காலத்தில் எப்படி இருந்தன என்பதற்குச் சான்றாக, சுமேரிய, அக்காத, பாபிலோனிய, அசீரிய மண்ணிலிருந்து எடுத்தவை அவை.

ஒரு லட்சத்து எழுபதாயிரம் பொருள்கள் போய்விட்டன என்று அப்போது பத்திரிகையில் படித்தேனே?

நீங்கள் படித்தது உண்மைதான். படித்த எண் தவறு. அருங்காட்சியகத்தின் மொத்தத் தொகுப்பைக் குறித்த எண்ணைக் குழப்பத்தில் இழப்பின் எண்ணாகச் செய்திகள் எடுத்துக்கொண்டன. பின்னர் நடந்த விசாரணையில் திருடு போனவை ஏறக்குறைய 15,000 என்று தெரிந்தது. மிகச் சிறந்த பொருள்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை ஊழியர்கள் போருக்கு முன்பே ரகசிய இடத்துக்கு மாற்றி வைத்திருந்தார்கள். முதலில் வந்த எண் பொய்த்ததும், 'அப்படியொன்றும் பெரிதாக நடக்கவில்லை' என்று பேசவும் சிலர் கிளம்பினார்கள். பதினைந்தாயிரம் எப்படிச் சிறிய எண்ணாகும் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கொள்ளையடித்தவர்கள் யார்? வெறும் கும்பலா, விஷயம் தெரிந்தவர்களா?

இரு தரப்பினரும் இருந்தார்கள். விசாரணைக்குத் தலைமை தாங்கிய அமெரிக்க மரைன் படையைச் சேர்ந்த கர்னல் மேத்யூ பொக்டானோஸ், அங்கே நடந்தது ஒரே திருட்டு அல்ல என்று பிரித்துக் காட்டினார். காட்சிக்கூடங்களில் சுமார் 40 பொருள்கள் மட்டும் பார்த்துப் பொறுக்கி எடுக்கப்பட்டிருந்தன. மேல்தளக் கிடங்குகளில் கண்டபடி அள்ளிச் சென்றிருந்தார்கள். நிலவறைக்குப் போனவர்களோ உள்விவரம் அறிந்தவர்கள்.

அந்த நிலவறையில் நடந்தது ஒரு கதைக்குரிய காட்சி. நாணயங்களும், ஈரக் களிமண்ணில் உருட்டிப் பதிக்கும் உருளை முத்திரைகளும் இருந்த அலமாரிகளின் சாவிகளைத் தேடிக் கையில் எடுத்துக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள். மின்சாரம் இல்லை. வெளிச்சத்துக்காக நுரைப்பஞ்சைக் கொளுத்திப் பிடித்திருக்கிறார்கள். அந்தப் புகையிலும் இருட்டிலும் சாவிக்கொத்து கை நழுவி விழுந்துவிட்டது. தரையில் கிடந்த பெட்டிகளையெல்லாம் கவிழ்த்துத் தேடியும் அகப்படவில்லை. அலமாரிகள் தப்பின. தரையோரம் பெட்டிகளில் இருந்த சுமார் பத்தாயிரம் சிறு பொருள்கள் தப்பவில்லை. அவற்றில் பாதியளவு விரல் நீளம்கூட இல்லாத உருளை முத்திரைகள், சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எந்த எல்லையையும் கடந்துவிடலாம்.

போனதெல்லாம் திரும்பி வந்துவிட்டதா?

ஏறக்குறைய பாதி வந்திருக்கிறது. 'கொண்டு வந்து கொடுத்தால் கேள்வி கேட்க மாட்டோம்' என்று பொதுமன்னிப்பு அறிவித்ததால் பல பொருள்கள் வந்தன. ஐயாயிரம் ஆண்டுப் பழமையுடைய வார்க்கா குடுவை, 2003 ஜூனில் ஒரு காரில் துண்டு துண்டாக வந்து இறங்கியது. வார்க்கா முகம் என்ற பளிங்கு முகத்தை ஒரு தோட்டத்து மண்ணுக்கடியிலிருந்து எடுத்தார்கள். 150 கிலோ எடையுள்ள பாசெத்கி செம்புச் சிலை கழிவுக்குழிக்குள் மசகு பூசி மறைத்து வைக்கப்பட்டிருந்தது. எஞ்சியவற்றில் பெரும்பாலானவை அந்தச் சிறு முத்திரைகள் போன்றவை. அவை எந்தெந்த நாட்டு இழுப்பறைகளில் கிடக்கின்றனவோ!

இந்த ரகோவிட்ஸ் ஈராக்கியரா, அமெரிக்கரா?

1973-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்த அமெரிக்கர். சிகாகோவை அடுத்துள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறார். அவருடைய தாய்வழித் தாத்தாவும் பாட்டியும் பாக்தாத்தைச் சேர்ந்த யூதர்கள். 1946-இல் அங்கிருந்து புறப்பட்டு நியூயார்க் வந்து குடியேறியவர்கள். படையெடுத்த நாட்டின் குடிமகனாகவும், படையெடுக்கப்பட்ட நாட்டை விட்டு வந்தவர்களின் பேரனாகவும் அவர் இருக்கிறார். அவருடைய கலையில் உள்ள சங்கடம் இந்த இரட்டை நிலையிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

சரி, அவர் செய்தது என்ன?

காணாமற்போன ஒவ்வொரு பொருளையும், அதன் உண்மையான அளவிலேயே, காகிதத்திலும் அட்டையிலும் செய்கிறார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் தொகுத்த இழப்புப் பட்டியலும் இன்டர்போலின் பட்டியலும் அவருக்கு மூலங்கள். முதல் தொகுதியை 2007-இல் நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தார். உதவியாளர் குழு ஒன்றோடு இன்றுவரை தொடர்ந்து செய்கிறார்.

ஒரு நீண்ட மேசை. அதன்மேல் கைகூப்பி நிற்கும் சுமேரியச் சிற்றுருவங்கள், கிண்ணங்கள், விலங்குத் தலைகள். தூரத்திலிருந்து பார்த்தால் வண்ணம் பூசிய பழம்பொருள்கள் போலத் தோன்றும். அருகே போனால்தான் மார்பில் ஓடும் சிவப்புப் பட்டை ஒரு பேரீச்சம்பழப் பெட்டியின் ஓரம் என்றும், பாவாடை மடிப்பு அரபு நாளிதழின் பத்தி என்றும் தெரியவரும். தலைப்புச் செய்தியின் பாதி எழுத்து முழங்காலில் முடிந்துவிடும். விலைக்குறியீட்டுக் கோடுகள் முதுகில் இருக்கும். ஒட்டிய இடங்களை மறைக்க அவர் முயல்வதே இல்லை.

ஒவ்வொன்றின் கீழும் அருங்காட்சியகத்தில் இருப்பதைப் போன்ற விவரச் சீட்டு உண்டு. பதிவெண், கிடைத்த இடம், அளவு, அதன் பிறகு 'திருடப்பட்டது', 'மீட்கப்பட்டது', 'தெரியவில்லை' என்று நிலை. கூடவே தொல்லியலாளரோ ராணுவத்தினரோ அந்த நாள்களில் சொன்ன ஒரு வரியும் சிலவற்றில் இருக்கும். பலர் சிற்பத்தைப் பார்த்துவிட்டுச் சீட்டைப் படிக்காமல் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால், படைப்பின் சரிபாதி அந்தச் சீட்டு.

ஏன் காகிதம்? மண்ணிலோ கல்லிலோ செய்திருக்கலாமே?

இதற்கு ஒரு தகரடப்பாவிலிருந்து தொடங்க வேண்டும். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் அரபு மளிகைக் கடைகள் நிறைந்த அட்லாண்டிக் அவென்யூவில், ஒரு கடையில் பேரீச்சம்பழப் பாகு டப்பா ஒன்றை ரகோவிட்ஸ் எடுத்தார். 'லெபனான் தயாரிப்பு' என்று அதில் அச்சிட்டிருந்தது. கடைக்காரர், அது உண்மையில் பாக்தாத்திலிருந்து வருவது என்றார். பாகைப் பெரிய கலன்களில் நிரப்பி, எல்லை கடத்திச் சிரியாவுக்கும் அங்கிருந்து லெபனானுக்கும் கொண்டுபோய், அங்கே டப்பாவில் அடைத்து வேறு நாட்டுப் பெயரை ஒட்டி அனுப்பினார்கள். 1990 முதல் ஈராக் மீதிருந்த பொருளாதாரத் தடையும், தடை நீங்கிய பிறகும் ஈராக்கியச் சரக்குகளுக்கு இருந்த கெடுபிடியும் இதற்குக் காரணம். நம் ஊர்க் கடைகளில் தேன் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் அதே டேட்ஸ் சிரப்தான்; ஆனால் அங்கே அது ஊர்ப்பெயரை மறைத்துக்கொண்டு பயணம் செய்தது.

2006-இல் அவர் தாத்தாவின் பழைய ஏற்றுமதி இறக்குமதி நிறுவனத்தின் பெயரில் அதே தெருவில் ஒரு கடையைத் திறந்து, ஈராக்கிலிருந்து 'ஈராக்' என்ற பெயரோடே ஒரு டன் பேரீச்சம்பழத்தைத் தருவிக்க முயன்றார். போருக்குத் தப்பி ஓடிய மக்களின் வாகனங்களோடு லாரி எல்லையில் நாள்கணக்காக நின்றது. வழி மாற்றி அனுப்பியும் பழம் கெட்டுப்போனது. பின்னர் சில பெட்டிகள் மட்டும் விமானத்தில் வந்தன. காணாமற்போன சிலைகளைச் செய்ய அவர் அதே உணவுப் பொட்டலங்களை எடுத்தது இதன் தொடர்ச்சி. அமெரிக்காவில் ஈராக்கும் அரபு உலகமும் அன்றாடம் வெளியே தெரிவது குப்பைக்குப் போகும் இந்தக் காகிதங்களில்தான். கல்லில் செய்திருந்தால் அது போலி என்று ஒரே சொல்லில் முடிந்திருக்கும்.

இந்தக் காகிதச் சிற்ப வரிசைக்குக் 'கண்ணுக்குத் தெரியாத பகைவன் இருத்தலாகாது' என்று தலைப்பு. யார் அந்தப் பகைவன்?

தலைப்பு அவர் புனைந்ததில்லை. பண்டைய பாபிலோனில் இஷ்தார் வாயிலின் ஊடாகச் சென்ற ஊர்வல வீதிக்கு அய்-இபுர்-ஷாபு என்று பெயர். அதன் பொருள்களில் ஒன்றை அவர் தலைப்பாக வைத்துக்கொண்டார். இல்லாத பேரழிவு ஆயுதங்களைக் காரணம் காட்டித் தொடங்கிய போருக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்துகிறது என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

அருங்காட்சியக இயக்குநர் ராக் இசைக்குழுவில் டிரம் வாசித்தார் என்றீர்களே, நிஜமா?

நிஜம். கொள்ளைக்குப் பிறகு மீட்புப் பணியின் முகமாக இருந்த டோனி ஜார்ஜ் யூகன்னா, இளமையில் டீப் பர்பிள் என்ற ஆங்கில ராக் குழுவின் பாடல்களை வாசிக்கும் ஓர் இசைக்குழுவில் டிரம் வாசித்தவர். மிரட்டல்கள் காரணமாக 2006-இல் ஈராக்கை விட்டு வெளியேறி நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார், 2011-இல் காலமானார். ரகோவிட்ஸ் டீப் பர்பிளின் புகழ்பெற்ற பாடல் ஒன்றை அரபு இசைக்கருவிகளில் வாசிக்கச் செய்து காட்சிக்கூடத்தில் ஒலிக்கவிட்டார். பொருள்களைக் காத்த ஓர் அதிகாரியின் வீட்டிலும் ஒரு டிரம் இருந்திருக்கிறது என்பதை அந்தக் காகிதச் சிலைகளுக்கிடையே கேட்பது வேறோர் அனுபவம்.

லண்டனில் டப்பாக்களால் செய்த சிறகுள்ள காளை இதே வரிசைதானா?

ஆம். டிரஃபால்கர் சதுக்கத்தின் நான்காவது பீடம் நான்காம் வில்லியம் மன்னரின் குதிரைச் சிலைக்காகக் கட்டப்பட்டது. பணம் போதாமல் காலியாகவே நின்றது. அண்மைக் காலத்தில் அங்கே மாறி மாறிச் சமகாலக் கலைப்படைப்புகளை வைக்கிறார்கள். 2018 மார்ச்சிலிருந்து 2020 மார்ச் வரை அங்கே நின்றது ரகோவிட்ஸின் லமாசு: மனிதத் தலையும் காளை உடலும் சிறகும் கொண்ட காவல் தெய்வம். சுமார் 10,500 பேரீச்சம்பழப் பாகு டப்பாக்களால் ஆனது.

அதன் மூலச்சிலை பண்டைய அசீரியாவின் நினிவே நகரின் நெர்கல் வாயிலில் கி.மு. 700 அளவிலிருந்து நின்றது. 2015-இல் ஐ.எஸ். அமைப்பினர் அதைச் சிதைத்தார்கள். டப்பாக்களைத் தேர்ந்ததற்கு மேலே சொன்ன கதையோடு இன்னொரு காரணமும் உண்டு. ஈராக்கில் ஒருகாலத்தில் மூன்று கோடிக்கு மேல் இருந்த பேரீச்ச மரங்கள், அடுத்தடுத்த போர்களுக்குப் பிறகு முப்பது லட்சமாகக் குறைந்தன என்று கலைஞர் கணக்குச் சொல்கிறார்.

அது உடைத்ததுதானே? கொள்ளை என்று எப்படிச் சொல்வது?

நியாயமான கேள்வி. உடைப்பு வேறு, திருட்டு வேறு. ஆனால் இவை இரண்டும் அடுத்தடுத்த வேலைகள். சுத்தியலை ஒளிப்படக் கருவியின் முன்னால் ஓங்கிய அதே அமைப்பு, தூக்கிப் போகக்கூடிய சிறு பொருள்களை விற்றுப் பணமாக்கியது. ஐ.நா. பாதுகாப்புச் சபை ஈராக்கியப் பண்பாட்டுப் பொருள்களின் வணிகத்தை 2003-இலேயே 1483-ஆம் தீர்மானத்தால் தடுத்திருந்தும், 2015-இல் 2199-ஆம் தீர்மானத்தில் சிரியாவையும் சேர்த்து மறுபடி சொல்ல வேண்டி வந்தது இதனால்தான்.

இப்போதெல்லாம் முப்பரிமாண அச்சு இருக்கிறதே! அப்படியே அச்சு அசலாக எடுத்துவிட்டால் வேலை முடிந்ததே?

அப்படியும் செய்தார்கள். சிரியாவின் பால்மைராவில் 2015-இல் தகர்க்கப்பட்ட வளைவைப் போன்ற ஒன்றை, கணினி வழிகாட்டும் இயந்திரத்தால் எகிப்தியப் பளிங்கில் செதுக்கி, 2016 ஏப்ரலில் இதே டிரஃபால்கர் சதுக்கத்தில் நிறுத்தினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சிக்கலும் அந்த அழகில்தான். புத்தம்புது வளைவைப் பார்ப்பவருக்கு, எதுவும் போய்விடவில்லை என்ற ஆறுதல் கிடைத்துவிடுகிறது.

அதே முப்பரிமாண அச்சை ஈரானில் பிறந்த மொரெஷின் அல்லாஹ்யாரி வேறு விதமாகக் கையாண்டார். ஐ.எஸ். அழித்த சில சிலைகளைக் கண்ணாடி போன்ற பிசினில் சிறிதாக அச்சிட்டு, ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் நினைவகச் சில்லு ஒன்றை வைத்தார். அந்தச் சிலையைப் பற்றித் திரட்டிய படங்களும் ஆவணங்களும் அதற்குள் இருக்கின்றன. சிலையைப் பார்க்கும்போதே அதுவும் தெரிகிறது. ரகோவிட்ஸின் விவரச் சீட்டு செய்யும் வேலையை இங்கே அந்தச் சில்லு செய்கிறது.

கொள்ளை என்றால் 2003-இல் நடந்தது மட்டும்தானா? அதற்கு முன்பு வெள்ளைக்காரர்கள் எடுத்துப் போனது?

ரகோவிட்ஸே இந்தக் கேள்விக்குத்தான் போய்ச் சேர்ந்தார். நிம்ருதில் அசீரிய மன்னர் இரண்டாம் அஷுர்நசிர்பாலின் அரண்மனைச் சுவர்களில் இருந்த புடைப்புச் சிற்பங்களை ஐ.எஸ். 2015-இல் வெடி வைத்துத் தகர்த்தது. அவற்றை அறை அறையாக, சுவரளவு காகிதப் பலகைகளில் அவர் செய்யத் தொடங்கினார். அந்த வரிசையில் சில இடங்கள் வெறுமையாக விடப்பட்டிருக்கின்றன. அங்கே இருந்த சிற்பங்களை ஐ.எஸ். உடைக்கவில்லை, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறுத்தெடுத்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டுபோய்விட்டார்கள். பத்திரமாக இருப்பவற்றை அவர் செய்யவில்லை; அவை போன இடத்தை மட்டும் காலியாகக் காட்டுகிறார்.

முன்பு 2010-இல் இஷ்தார் வாயிலைப் பொட்டலக் காகிதத்தில் கட்டியபோதும் அவர் மனத்தில் இருந்தது இதுதான். உண்மையான வாயிலின் செங்கற்கள் ஜெர்மானிய அகழாய்வுக்குப் பின் பெர்லினின் பெர்காமோன் அருங்காட்சியகத்துக்குப் போயின. பாபிலோனில் நிற்பது ஈராக்கியர் பின்னாளில் சிறிதாகக் கட்டிய மாதிரி. 2003-க்குப் பிறகு பாபிலோனையே ராணுவ முகாமாக்கிய சிப்பாய்கள் அந்த மாதிரியின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ரகோவிட்ஸ் கட்டியது மாதிரியின் மாதிரியை.

அப்படியானால் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள லமாசுவைத் திருப்பிக் கேட்டாரா?

கேட்டார், ஒரு பண்டமாற்றாக. நான்காவது பீடத்தில் நின்ற தன் லமாசுவை லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதாகவும், ஈடாக பிரிட்டிஷ் மியூசியம் தன்னிடமுள்ள அசீரிய லமாசுக்களில் ஒன்றை ஈராக்குக்கு அனுப்ப வேண்டும் என்றும் கேட்டார். தொகுப்பிலுள்ள பொருள்களைக் கைவிட பிரிட்டிஷ் மியூசியத்துக்கு 1963-ஆம் ஆண்டுச் சட்டம் பெரிதும் தடையாக இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும். நடக்காது என்று தெரிந்தே கேட்பதும் கலைஞரின் வேலையில் சேர்த்திதான்.

இவருடைய காகிதப் பொருள்களையும் காசு கொடுத்து வாங்குகிறார்களே. இதுவும் ஈராக்கை விற்பதுதானே?

இந்தக் கேள்வியைத் தஞ்சாவூரில் ஒரு மாணவி கேட்டபோது நான் தடுமாறினேன். இன்றும் முழுப் பதில் என்னிடம் இல்லை. இவை கலைக்கூடங்கள் வழியாக விற்கப்படுவது உண்மை. பிரிட்டிஷ் மியூசியமே இவருடைய படைப்பை வாங்கி வைத்திருப்பதும் உண்மை. அசல் பொருள் கள்ளச் சந்தையில் போன அதே திசையில், பாக்தாத்திலிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும், அதன் நிழலும் போகிறது.

ஒன்று மட்டும் சொல்லலாம். கள்ளச் சந்தையில் ஒரு முத்திரை விற்க வேண்டுமானால் அது வந்த வழி மறைய வேண்டும். ரகோவிட்ஸின் பொருளை வாங்குபவர் 'திருடப்பட்டது' என்று எழுதிய சீட்டையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். அதை வாங்கும் நிறுவனத்துக்குத் தன் பழைய தொகுப்பின் சீட்டுகளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் நெருக்கடி வருமா என்பது அந்த நிறுவனத்தைப் பொறுத்தது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

ஈராக்கிலேயே இருந்த கலைஞர்கள் என்ன செய்தார்கள்? எல்லாம் அமெரிக்கரைப் பற்றியே பேசுகிறீர்கள்.

குற்றச்சாட்டை ஒப்புக்கொள்கிறேன். அதே 2003-இல் பாக்தாத்தின் நவீன கலை அருங்காட்சியகத்திலிருந்தும் ஆயிரக்கணக்கான ஓவியங்களும் சிற்பங்களும் போயின. உலகச் செய்திகளில் அது இடம்பெற்றது குறைவு. மூத்த சிற்பி முகமது கனி ஹிக்மத் அவற்றைத் தேடி மீட்கும் முயற்சியில் இறங்கினார். தம் ஆசிரியர் ஜவாத் சலீமின் தாய்மைச் சிற்பத்தை அவர் திரும்ப வாங்கி மீட்டார்.

ஹனா மலல்லா துணியையும் காகிதத்தையும் எரித்து, கிழித்து, கருக்கிப் படைப்பவர். தம் முறைக்கு 'இடிபாட்டு உத்தி' என்றே பெயரிட்டிருக்கிறார். ரகோவிட்ஸ் போன பொருளின் உருவத்தைத் திருப்பிக் கொண்டுவருகிறார். மலல்லா, அந்தப் பொருளுக்கு நேர்ந்ததைத் தம் துணிக்கும் நேரவிடுகிறார். போரின் நடுவே இருந்தவருக்கு இரண்டாவது வழி தோன்றியதில் வியப்பில்லை.

மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். பானை உடைந்ததா பெரிய விஷயம்?

இந்தக் கேள்வி எழாத கூட்டமே இல்லை. பெரும்பாலும் பின்வரிசையிலிருந்து, கொஞ்சம் கோபத்தோடு வரும். ரகோவிட்ஸின் தொடக்கமும் இந்தக் கோபம்தான். போரை ஆதரித்தவர்கள், எதிர்த்தவர்கள் இருதரப்பும் அருங்காட்சியகக் கொள்ளைக்காக வருந்தினார்கள். பொருளுக்காக எழுந்த அந்தத் துயரம் ஈராக்கிய உயிர்களுக்கான துயரமாக மாறவேயில்லை என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். கைகூப்பி நிற்கும் சுமேரியச் சிற்றுருவங்களைச் சுமேரியர்கள் தமக்குப் பதிலாகக் கோயிலில் நிற்க வைத்தார்கள். ஆளுக்குப் பதில் நின்ற உருவம் அது. காணாமற்போன உருவத்தை அந்த நீண்ட மேசையில் நிறுத்தும்போது, காணாமற்போன ஆளைப் பற்றிக் கேட்காமல் நகர்வது கடினம். அப்படியும் நகர்கிறவர்கள் உண்டு என்பதை மறுக்க மாட்டேன்.

இதை எப்போது முடிப்பார்?

இன்னும் கிடைக்காத ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அத்தனையையும் செய்வதாக இறங்கியிருக்கிறார். செய்து முடித்தவை ஆயிரத்தைச் சுற்றித்தான் வரும். தன் வாழ்நாளில் முடியாது என்பதை அவரே சொல்கிறார். இதற்கிடையில் எங்கோ ஒரு சுங்கச் சாவடியில் பெட்டி திறக்கப்பட்டு ஏதாவதொன்று பாக்தாத்துக்குத் திரும்பினால், பட்டியலில் ஒரு வரி குறைகிறது. அந்தப் பட்டியலில் மிகுதியாக இருப்பவை நிலவறையிலிருந்து போன உருளை முத்திரைகள். விரல் நீளம்கூட இல்லாத அவற்றை, அதே அளவில், பேரீச்சம்பழப் பெட்டியின் அட்டையைச் சுருட்டி ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும்.